ஆறு பாரத்தைத் தாண்டிய வீட்டுவண்டி

மஞ்சுமலை முகடு முதல் உப்பங்கழி வரை ஒரு குடைக்கீழ் ஆளும் மன்னர் வேளாதித்தரின் திருவுள்ளப்படி, அமைச்சர் வெண்பூதன், கூவல் கணவாயின் காவலரும் எடைமேடைத் தலைவருமாகிய எயினனாருக்கு எழுதும் ஓலை. உம் சரிவுகளில் சக்கரம் வழுக்காதிருக்க; உம் துலாக்கோல் நேர்நிற்க; உம் காளைகளுக்கு ஈரப்புல் குறையாதிருக்க.

மருத்துவச்சி சேந்தியின் வீட்டுவண்டியை நிறுத்திவைத்திருப்பதாக நீர் எழுதியது வந்தது. அதன் பின்னாலேயே அந்த அம்மையாரின் விண்ணப்பமும் வந்தது. உம்முடையது நான்கு வரி, அவருடையது நான்கு ஓலை. இரண்டையும் மன்னர் பொறுமையாகக் கேட்டருளினார்.

சேந்தி அம்மையாருக்கு அந்த வண்டியைத் தவிர வேறு வீடு கிடையாது. அதிலேயே உலை வைத்து, அதிலேயே உறங்கி, ஆண்டில் பாதியை மலையூர்களில் பிரசவம் பார்த்தே கழிப்பவர். புதிய வண்டியின் அச்சில் தச்சன் ஐந்து பாரம் என்று சூடு போட்டிருந்ததால், சிறுவண்டி ஓட்டுவதற்கான முத்திரையே தமக்குப் போதும் என்று நம்பி, அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நிம்மதியாக வந்திருக்கிறார். தச்சன் பொறித்தது வெறும் வண்டியின் எடை. சட்டம் பார்ப்பதோ பானைத் தண்ணீரும் ஏறியிருக்கும் உயிர்களும் சேர்ந்த எடை. இது உம் மேடையில் ஏறிய பிறகே அவருக்கு விளங்கிற்று.

ஆறு பாரத்துக்கு மேற்பட்டால் பெருவண்டி முத்திரை வேண்டும் என்று நீர் சொன்னதும், அம்மையார் தண்ணீரைக் கொட்டினார். அடுப்பை இறக்கினார், அரிசியை இறக்கினார், தாம் படுக்கும் கட்டிலையும் இறக்கினார். அப்படியும் முள் இறங்கவில்லை. பேறுகால நாற்காலியையும் மருந்துப் பேழையையும் மட்டும் தொடவிடவில்லை. தாம் இறங்கி நடந்தால் எடை சரியாகிவிடும், ஆனால் ஓட்ட ஆளிருக்காது என்று எழுதியிருக்கிறார். மன்னர் சிரித்தார், பிறகு நாட்களை எண்ணினார். பெருவண்டி முத்திரைக்காகத் தலைநகர் வந்து தேர்வு கொடுத்துத் திரும்பப் பத்து நாளாகும். அதற்குள் மழை இறங்கிக் கணவாய் அடைபடும். மேலே நிறைமாதக்காரி ஒருத்தி வழிபார்த்துக் கிடக்கிறாள்.

அந்தப் பெண் உம் மகள் அல்லி என்பதை நீர் எழுதவில்லை, எயினனாரே. அம்மையாரின் கடைசி ஓலையில்தான் கண்டோம். நீர் கோபிக்கவில்லை, குரலும் உயர்த்தவில்லை, எடையை மூன்று முறை நிறுத்துப் பார்த்துவிட்டு மேடைக்குப் பின்னால் போய்த் தனியே நின்றீர் என்றும் அதில் இருந்தது.

சட்டத்தைத் தளர்த்த இயலாது. பன்னிரண்டு ஆண்டுக்கு முன் அதே சரிவில் பெருவண்டி பழகாத ஒருவன் கல்யாண வீட்டாரை ஏற்றிச்சென்று உருண்டபோது, அடியில் கிடந்தவர்களைத் தூக்கியவர் நீர். அந்த ஆண்டில்தான் இந்தச் சட்டம் பிறந்தது. ஆனால் அதற்கு முன் முத்திரை பெற்றவர்கள் எவ்வளவு கனத்த வண்டியையும் ஓட்டலாம் என்பதும் அதே சட்டத்தின் வரிதான். உம் இடுப்பில் தொங்குவது அந்தப் பழைய முத்திரை அல்லவா? காவலர் மேடையை விட்டு நகரலாகாது என்ற விதியை நினைத்து, அதை நீர் வாய்திறந்து சொல்லவில்லை போலும்.

ஆகவே ஆணை யாதெனில்: இவ்வோலை கண்டவுடன் மேடையை உம் துணைக்காவலரிடம் ஒப்படைத்து, அம்மையாரின் கட்டிலையும் அடுப்பையும் அரிசியையும் மீண்டும் ஏற்றி, பானைகளை நிரப்பி, மூக்கணாங்கயிற்றை நீரே பிடித்து மேலேறுக. வழிநெடுகிலும் அம்மையார் உம் பக்கத்தில் அமர்ந்து பெருவண்டி ஓட்டப் பழகுக. தேர்வாளர் அடுத்த வாரம் உம் மேடைக்கே வந்து தங்குவார். கணவாய் திறந்ததும் அங்கேயே சோதித்து முத்திரை தருவார். இனி மலையேறும் மருத்துவச்சியர் எவரும் தேர்வுக்காகத் தலைநகர் வரவேண்டியதில்லை.

மழை ஓய்ந்து இறங்கி வருகையில் உம் துணைக்காவலர் அவ்வண்டியை வழக்கப்படி நிறுக்கட்டும். ஏறியிருக்கும் உயிர்கள் அனைத்தும் எடையில் சேரும் என்பதே சட்டம். உம் மகளின் மடியில் இருப்பதை மட்டும் சேர்க்கவேண்டாம் என்று மன்னர் தம் கையால் இவ்விடத்தில் கீறியிருக்கிறார்.

அரக்கு ஈரமாயிருக்கும்போதே முத்திரை பதிந்தது. தூதன் குதிரையேறிவிட்டான். புறப்படுக.