ஐம்பத்திரண்டு அங்குலம்

1862 ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று ஊரே பார்க்க மானம் போயிற்று. தெற்கு மாநிலங்களுக்கு எதிரான படைக்கு ஆள் சேர்க்க வந்திருக்கும் கேப்டன், மேய்ச்சல் வெளியில் மூன்று துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு, பெரியவர்கள் யாராவது சுட்டுப் பார்க்கிறீர்களா என்றார். என்னை யார் கூப்பிட்டது? போனேன். குழலில் வெடிமருந்து கொட்ட மறந்து, குண்டை மட்டும் போட்டு, கம்பியால் நன்றாக இடித்து, கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்தேன். டிக். அவ்வளவுதான்.

பக்கத்துப் பண்ணை ஏசா சும்மா இருப்பானா? "இவனத் தெற்கத்திக்காரன் படையில சேத்து விட்டுடுங்க கேப்டன். சண்டை சீக்கிரம் முடிஞ்சிரும்."

என் மகன் ஓரினும் சிரித்தான். காது சிவக்கச் சிவக்க.

சுட லாயக்கில்லை என்று ஆனதும் கையில் நூலைக் கொடுத்துவிட்டார்கள். சேணம் தைக்கிறவன், அளவு தப்பாதவன் என்று ஊரில் எனக்குப் பெயர். பலகையின் நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு குண்டு ஓட்டைக்கும் நூல் பிடிக்க வேண்டும். பத்து ஓட்டைக்கும் விடாமல் ஒரே நூல்; பத்துத் தூரத்தையும் கூட்டியதுதான் அதன் நீளம். குட்டை நூல்காரன் கெட்டிக்காரன். வருகிற சனிக்கிழமை, இருநூறு கஜத்தில், ஐம்பது அங்குலத்துக்குள் சுடுகிறவர்களுக்குக் குறிகாரர் படையில் இடம்.

ஓரின் அணிலைக் கண்ணில் அடிக்கிறவன். வயது இருபது.

ஆகஸ்ட் 5

கேப்டன் மூன்று துப்பாக்கிகளாலும் தானே சுட்டார், நான் அளந்தேன். இருநூறு கஜத்தில் நம் ஸ்பிரிங்ஃபீல்டு நாற்பத்தொரு அங்குலம். இங்கிலாந்து என்ஃபீல்டு நாற்பத்து நான்கு. ஆஸ்திரியத் துப்பாக்கி அறுபத்தேழு. அதன் குண்டு ஒன்று கிழக்கே போனால் அடுத்தது மேற்கே போகிறது. ஐநூறு கஜத்தில், ஆள் உயரப் பெரிய பலகையில், பத்துக்கு ஏழு, ஏழு, மூன்று பட்டன.

எல்லோரும் ஸ்பிரிங்ஃபீல்டைத் தடவிக் கொடுத்தார்கள். என்ஃபீல்டும் மோசமில்லையே என்றேன், பேச்சுக்கு.

"மோசமே இல்ல பெரியவரே," என்றார் கேப்டன். "தெற்கத்திக்காரனுங்க கையில இருக்கறதும் அதுதான்."

அதன் பிறகு என்ஃபீல்டின் நூலை மட்டும் இன்னொரு தரம் அளந்தேன். நாற்பத்து நான்குதான்.

ஆகஸ்ட் 6

ஓட்ஸ் வயலில் ஓரின் அறுத்துக்கொண்டிருந்தான். அவனிடமிருந்து நேராக ஐநூறு தப்படி நடந்து திரும்பிப் பார்த்தேன். வைக்கோல் தொப்பி மட்டும் தெரிந்தது, பட்டாணி அளவுக்கு. கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன்.

பத்துக்கு ஏழு.

ஆகஸ்ட் 7

குறிகாரர்களின் வேலை என்ன என்று கேப்டனைக் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். படைக்கு முன்னால் போய் மரத்திலோ புதரிலோ பதுங்கிச் சுடுவார்களாம். அந்தப் புகை தெரிந்த இடத்துக்கு எதிரி பீரங்கியைத் திருப்புவானாம். எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்றேன். அவர் மீசையைத் தடவினார்.

இரவுச் சாப்பாட்டில் ஓரின் அந்தப் படையைப் பற்றியே பேசினான். என் மனைவி லொவினா அவன் தட்டில் அவரையை வைத்துக்கொண்டே இருந்தாள்; தட்டு நிறைந்தது அவளுக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

எழுதித்தான் தீர வேண்டும். வேறு யாரிடம் சொல்வது?

ஓரின் ஒன்பதாவதாகச் சுட்டான். பத்துக் குண்டு, அவசரமே இல்லை. பலகைக்கு நடந்தேன். நூலை வைக்கும் முன்பே என் கண் சொல்லிவிட்டது: நாற்பத்தேழு. முதல் ஓட்டைக்கு நூல் பிடித்தேன். கட்டைவிரல் அரை அங்குலம் தள்ளி நழுவியது. நழுவியதா? நழுவ விட்டேன். இரண்டாவதற்கும். பத்துக்கும்.

கேப்டன் நூலை அளவுகோலில் வைத்தார். "அம்பத்திரண்டு. வருத்தந்தான் தம்பி."

ஓரின் என்னைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்தான். இன்னொரு தரம் அளக்கலாமே என்று யாரோ சொன்னார்கள். ஏசா விடவில்லை. "அவன் அளந்தா அளந்ததுதான்யா. சுடத்தான் வராது அவனுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஓரின் பலகையில் ஒட்டியிருந்த, குண்டு துளைத்த குறிக் காகிதத்தை உரித்து, மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 10

ஞாயிறு ஆராதனைக்குச் சபையில் உட்கார்ந்திருந்தேன். என்ன பாடினார்கள் என்று தெரியாது.

ஆகஸ்ட் 13

குறிகாரர் படை போச்சு, பிள்ளை வீட்டில் இருப்பான் — இதுதானே என் கணக்கு? முட்டாளே. ஜன்னலைச் சாத்திவிட்டு வாசலைத் திறந்து வைத்திருக்கிறாய்.

ஓரின் இன்று சாதாரணக் காலாட்படையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். "என் கைய நான் பெருசா நெனச்சிட்டேன்பா. எல்லாரோடயும் வரிசையில நிக்கிறதுதான் நமக்கு சரி." அழவில்லை. அழுதிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேனோ?

குறிகாரர்களுக்கு ஸ்பிரிங்ஃபீல்டு. காலாட்படைக்கு ஆஸ்திரியத் துப்பாக்கி. அறுபத்தேழு அங்குலம். எதிரில் வருகிறவனிடம் நாற்பத்து நான்கு. நான்தானே அளந்தேன், ஐயோ, என் கையாலேதானே அளந்து கொடுத்தேன்.

ஆகஸ்ட் 29

போய்விட்டான். தோல் பட்டை ஒன்று தைத்துக் கொடுத்தேன். அளவு சரியாக இருந்தது.

அக்டோபர் 21

கடிதம் இல்லை.

டிசம்பர் 19

தெற்கே ஆற்றங்கரையில் பெரிய சண்டையாம். கடைச் சுவரில் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். நான் போகவில்லை. லொவினாதான் போனாள். இந்தப் பட்டியலில் இல்லை என்று வந்து சொன்னாள். இந்தப் பட்டியலில்.

டிசம்பர் 29

கடிதம். அவன் கையெழுத்து. சண்டைக்குப் பிறகு, பதினாறாம் தேதி எழுதியது. உயிரோடு இருக்கிறான். காதோரம் கொஞ்சம் சதை போயிருக்கிறது. அவனுடைய துப்பாக்கி இடப்பக்கம் இழுக்கிறதாம். வலத்தே தள்ளிக் குறிவைக்கப் பழகிவிட்டானாம். அவன் வரிசையில் நின்ற பாதிப் பேர் இப்போது இல்லை.

லொவினா உரக்கப் படித்தாள். கடைசிப் பத்தியில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, நான்கு மாதத்தில் முதல் தடவையாக.

"அந்தக் காகிதத்த இன்னும் வச்சிருக்கேன்பா. சும்மா கூடாரத்து நூல வச்சு அளந்தேன். மூணு தடவ அளந்தேன். நாப்பத்தேழுதான் வருது. உங்க கண்ணு போச்சு. அம்மாகிட்டச் சொல்லி ஒரு கண்ணாடி வாங்கிப் போடுங்க."

மூன்று தடவை அளந்திருக்கிறான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. கடிதத்தைத் திருப்பியும் பார்த்தேன்.

உடனே லொவினா என்னைக் கடைக்கு இழுத்துப் போனாள். கடைக்காரர் தட்டு நிறையக் கண்ணாடிகளைப் பரப்பினார். லொவினா ஒன்றை எடுத்து என் மூக்கில் மாட்டிவிட்டு, மகன் கடிதத்தை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இப்பத் தெரியுதா?"

தெரிகிறது என்றேன்.

அன்றைக்கும் தெரிந்தது என்று சொல்லவில்லை.