பெரியவருக்கு ஏர் எடுத்தோம்

என் தங்கக் குட்டிக்கு,

இங்கே நான், அப்பா, சித்தப்பா, லாரி நால்வரும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு படுக்காமல் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பத்தான் முடியும், பார்க்கவா முடிகிறது. பதில் இவ்வளவு தாமதமானதற்குத் திட்டாதே, பேனாவைத் தொட்டால் காகிதமெல்லாம் பிரேக் ஆயில். உன் அம்மா இப்போது அரை மெக்கானிக்! எல்லாம் சொல்கிறேன், ஆனால் நீ பயப்படக் கூடாது, பயப்படுவது என் இலாகா.

போன மாதம் நம் பழைய ராணுவ லாரியை, அதுதான் நம் பெரியவரை, அப்பா செங்கல் பாரத்தோடு மலைச்சரிவில் இறக்கும்போது பிரேக் பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்து, கடைசியில் ரோடு போடக் கொட்டியிருந்த மணல் குவியலில் கொண்டுபோய்ச் செருகி நிறுத்தியிருக்கிறார். வீட்டுக்கு வந்து வாயே திறக்கவில்லை மனுஷன். சட்டையைத் துவைக்க எடுத்தால் பை நிறைய மணல். என்னங்க இது என்றேன், 'இன்னைக்குக் காத்து ஜாஸ்தி' என்கிறார்! குடைந்து குடைந்து கேட்ட பிறகுதான் உண்மை வந்தது. எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை, அந்த மணலைப் பார்த்ததும் அறுபது ஆகிவிட்டது. பெடல் கல் மாதிரி நிற்கிறதா என்று என் காலால் மிதித்துப் பார்க்காமல் இனி அந்தச் சரிவில் வண்டி இறங்காது, இல்லையென்றால் எடைக்குப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னது, ஆனால் பழைய இரும்புக்காரர் காதுக்கு எப்படித்தான் போயிற்றோ, மறுநாளே வந்து பெரியவரைச் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

பிரேக் டிரம்மைக் கழற்றினால், சக்கரத்துக்குள் இருக்கும் சின்ன சிலிண்டரில் ரப்பர் கிழிந்து ஆயில் கசிந்து, உரசி நிறுத்துகிற லைனரெல்லாம் ஊறியிருந்தது. எல்லாச் சக்கரத்துக்கும் புதிது போட்டாயிற்று. அப்புறம் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும், ஏர் எடுப்பது என்பார்களே, நீ வீட்டில் இருந்தவரை அதில் பெடல் மிதிப்பது உன் வேலை, இப்போது நான். அப்பா அடியில் படுத்துக்கொண்டு 'மிதி' என்பார், 'பிடி' என்பார், நான் அழுத்திப் பிடித்திருக்கும்போது திருகைத் தளர்த்துவார், ஆயிலோடு குமிழ் குமிழாய்க் காற்று வரும், திருகை முடுக்கிவிட்டு 'விடு' என்பார், அப்போதுதான் காலை எடுக்க வேண்டும். முந்திக்கொண்டால் போன காற்று திரும்ப உள்ளே. நாள் முழுக்க மிதித்தேன், பெடல் பஞ்சு மெத்தை மாதிரி அமுங்குகிறதே தவிர இறுகவே இல்லை. பெடலை ஒட்டியிருக்கிற மாஸ்டர் சிலிண்டரே போச்சு என்று அப்பா, அதெல்லாம் இனிமே எங்க கிடைக்கும், எடைக்கே குடுத்துடலாம்ணே என்று சித்தப்பா. அப்பா பெரியவரின் முகப்பைத் துணியால் துடைத்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் கடைசியாக ஒரு தடவை என்று ஏறி உட்கார்ந்தேன். 'பிடி' என்றார், பிடித்தேன். முன்பக்கம் ஆயில் ஊற்றிக்கொண்டிருந்த சித்தப்பாவை, அன்றும் விலை பேச வந்து நின்ற இரும்புக்காரர் சீண்ட, சித்தப்பா எகிற, அடியிலிருந்து அப்பா 'விடுடா, அவரு பாட்டுக்குப் பேசட்டும்' என்று கத்தினார். நான் சமர்த்தாகக் காலை எடுத்துவிட்டேன்! எடுத்த பிறகுதான் உறைத்தது. முதல் நாள் பூராவும் இதே சண்டை, இதே விடுடா, விட்டுத்தள்ளு, அட விடு, ஒவ்வொன்றுக்கும் நான் காலைத் தூக்கியிருக்கிறேன். அவர் எடுத்த காற்றையெல்லாம் நானே உட்கார்ந்து திரும்ப ஊட்டியிருக்கிறேன். பட்டத்துக்குப் பௌதிகம் படித்து, அழுத்தம் பற்றிப் பக்கம் பக்கமாய்ப் பரீட்சை எழுதியவள்! சிரித்துச் சிரித்து வயிறு பிடித்துக்கொண்டது. சரி, நம் வீட்டில் யாரும் யாரிடமும் தவறிக்கூடச் சொல்லாத வார்த்தை எது என்று யோசித்து, இனி 'நன்றி' என்றால்தான் காலை எடுப்பேன் என்று அறிவித்தேன். அடியிலிருந்து ஒரு செருமல். அப்புறம் மெதுவாக, 'ந... நன்றி.' சித்தப்பா ஆயில் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, 'அண்ணி, அண்ணன் வாயிலயா இது, இன்னொரு வாட்டி மிதிங்க அண்ணி' என்று குதிக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து வராத நன்றியெல்லாம் ஒரே காலையில் வசூல். கடைசிச் சக்கரம் முடிந்தபோது பெடல் கல்லுடி குட்டி, கல்! இரும்புக்காரர்கூட ஏறி மிதித்துப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்.

இதோ இப்போது அப்பா பாரத்தோடு அதே சரிவில் இறங்கிக்கொண்டிருக்கிறார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன், சும்மா இருந்தால் நகத்தையெல்லாம் தின்றுவிடுவேன். சன்னலில் மேல் வளைவு தெரிகிறது, திரும்பிவிட்டார், இனி மரம் மறைக்கிறது. இருடி, இரு. வந்துவிட்டது! கீழே சரிவு முடிகிற பாலத்தருகே ஹாரன், ஒன்று போதாதென்று விட்டு விட்டு அடிக்கிறார், தெருவே திட்டப்போகிறது, அடிக்கட்டும், நன்றாக அடிக்கட்டும்!

நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, மகராசியாய் இரு. நீ வாங்கியிருக்கும் பழைய சைக்கிளின் பிரேக் கட்டையை இன்றைக்கே பார்த்துவிட்டு, நிற்கிறதா இல்லையா என்று உண்மையை எழுது, அப்பா மாதிரி காத்து ஜாஸ்தி என்று எழுதாதே.

சந்தோஷத்தில் எழுத்து கோணிப்போன
உன் அம்மா