ஐந்து கல், நானூற்றுப் பன்னிரண்டு உயிர்

இன்ஜின் இரைச்சலிலும் என் குரலை மறக்காத என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் சௌக்கியம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? மாத்திரை போட்டேன் என்று போனில் நீங்கள் சொல்வதை நான் நம்புவதே இல்லை. நான் கொடுத்தனுப்பிய தைலம் தீர்ந்துபோயிருந்தால்தான் நம்புவேன். மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. 'சர்க்கரை' என்றால் வெறும் காற்றுதான் வருகிறது. 'அப்பா' மட்டும் சுத்தமாக வருகிறது, கவலை வேண்டாம்.

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்பீர்கள். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உங்கள் குரலைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறேன். மூன்று முறை மாற்றியாயிற்று. கடலடியில் கல் அள்ள உங்கள் கப்பல் போகவிருந்த புது இடம் இருக்கிறதே, அங்கே மூன்று வருட வேலை, தலைமை இன்ஜின் டிரைவர் பதவி என்று சின்னப்பிள்ளை போலக் குதித்தீர்களே, அந்த இடத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. காரணம் நான்தான். கம்பெனிக்காரர்கள் சொல்லித் தெரிவதைவிட என் கையெழுத்தில் தெரியட்டும்.

கடல் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்ததைச் சொன்னேன், என்ன வேலை என்று சொல்லவில்லை. நீங்கள் உரத்துக்காக அள்ளுகிற அந்த இளஞ்சிவப்புக் கல், கல்லே இல்லையாம். சுண்ணாம்பாக இறுகி வளர்கிற கடற்பாசியாம். நம் கல்யாணத்தன்று ஒன்று வளர ஆரம்பித்திருந்தால் இன்றைக்குப் பட்டாணி அளவுதான் இருக்கும். அதற்குள் நாம் நான்கு வீடு மாறிவிட்டோம்!

சேர்ந்த முதல் வாரம், முக்குளிப்பவர்கள் அந்தப் புது இடத்திலிருந்து ஒரு வாளிக் கல் கொண்டுவந்தார்கள். எங்கள் மேடம் (தலையில் கண்ணாடியை ஏற்றிவைத்துக்கொண்டு மேசை மேசையாகத் தேடுகிறவர்) கூட்டத்துக்கு ஓடும் அவசரத்தில் "அதைக் கொஞ்சம் கழுவி வச்சிரும்மா" என்றார். என் கைதான் உங்களுக்குத் தெரியுமே, அழுக்கைக் கண்டால் சும்மா இருக்காது. பழைய டூத் பிரஷை எடுத்து, குழாயைத் திறந்துவிட்டு, சந்துபொந்தெல்லாம் தேய்த்து வெளுத்து வாங்கிவிட்டேன். கல் ஒவ்வொன்றும் பளபளத்தது. மேடம் வந்து தேடியதில் ஒன்பது உயிர்தான் அகப்பட்டது. அங்கே உயிர்கள் அதிகமில்லை, கல் அள்ளினால் பெரிய நஷ்டமில்லை என்று அறிக்கை எழுத ஆரம்பித்தார்.

அடுத்த மாதம் வேறொரு இடத்து வாளி வந்தது. அன்றைக்கு மேடம் பக்கத்திலேயே இருந்தார். நான் பிரஷை எடுத்ததும் போட்டாரே ஒரு கூச்சல்! "ஐயையோ, அழுக்கு இல்லம்மா, அதுதான் குடித்தனமே!" கல்லைத் தட்டில் வைத்து, கடல் தண்ணீரில் மெல்ல அலசி, அந்தத் தண்ணீரைத்தான் சல்லடையில் வடிக்க வேண்டுமாம். என்னைப் பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். அரிசியில் பாதி நீளம்கூட இல்லாத இறால் ஜாதிப் பூச்சிகள்! ஒன்று பக்கவாட்டில் நீந்துகிறது, ஒன்று மண்ணைச் சேர்த்துத் தனக்குக் குழாய்வீடு கட்டுகிறது. ஒரு தாய் வயிற்றடிப் பையில் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு அலைகிறது. இவை மீன்களைப் போல முட்டையைக் கடலில் மிதக்கவிடுவதில்லையாம். குஞ்சு தாயின் மடியிலிருந்து இறங்கி அந்தக் கல்லிலேயே குடியேறுமாம். அதனால் கல் போனால் மொத்தக் குடும்பமும் போய்விடும், வேறெங்கிருந்தும் ஆள் வருவது கஷ்டம் என்றார்.

அந்த முதல் வாளியையும் நான் இப்படித்தான் தேய்த்தேன் என்று மேடத்துக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். அறிக்கை வெள்ளிக்கிழமை போக வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் உங்களுக்குப் பதவி. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் சாமர்த்தியம் எனக்கு எப்போதுமே கிடையாது. வியாழக்கிழமை காலையில், சாக்கடையில் போனதையெல்லாம் சொல்லிவிட்டேன்.

மேடம் திட்டவில்லை. அறிக்கைக்குக் கூடுதல் அவகாசம் கேட்டு வாங்கினார். பிறகு முக்குளிப்பவர்களைத் திரும்ப அனுப்பி அதே இடத்திலிருந்து ஐந்தே ஐந்து கல் எடுத்துவரச் செய்தார். இருவரும் நான்கு நாள் குனிந்த தலை நிமிராமல் எண்ணினோம். நானூற்றுப் பன்னிரண்டு! கடைசியில் நான்தான் ஒன்றைக் கண்டுபிடித்தேன், கல்லின் ஓட்டைக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. கத்திவிட்டேன், பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். எண்ணியவை திரும்பக் கடலுக்குப் போகாது, அது வருத்தம்தான். ஆனால் கீழே இருக்கும் கோடிக்கணக்கான உயிர்கள் பிழைத்தன. அறிக்கை மாறியது, அனுமதியும் நின்றது.

உங்கள் வேலையைப் பற்றிச் சொன்னபோது மேடம், "நஷ்டம் உனக்குத்தானேம்மா" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். அதில் பாதிதான் உண்மை.

உங்களுக்கு எவ்வளவு ஏமாற்றமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் அந்தப் பதவிக்கு எல்லா விதத்திலும் தகுதியானவர். இங்கே துறைமுகத்தில் இழுவைப் படகுக்கு இன்ஜின் டிரைவர் தேடுகிறார்கள். பதவி சின்னதுதான். ஆனால் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். உங்கள் இஷ்டம், நான் வற்புறுத்தவில்லை. விண்ணப்பத் தாளை மட்டும் இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் பெயரைப் பூர்த்தி செய்தது மகள், எழுத்துப் பிழைகளை மன்னிக்கவும்.

என் மேல் கோபம் வந்தால் போனில் காட்டாதீர்கள். நேரில் வந்து, நம் சமையலறையில் நின்று, ஆசை தீரத் திட்டுங்கள். திட்டி முடிக்க மூன்று வருடம் ஆனாலும் பரவாயில்லை, நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

நல்லபடியாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
எதையும் மறைக்கத் தெரியாத
உங்கள் வீட்டுக்காரி