மேட்சை விற்றவன் என்று பேர் வாங்கினாயே

இன்று தாராவியில் ஒரு தோல் கிடங்கின் முன்னால் மழைக்கு ஒதுங்கினேன். நனைந்த தோலின் வாடை அடித்ததுமே உன் ஞாபகம் வந்துவிட்டது, மாப்ளே. அறுபதுகளில் நாம் மழையில் உதைத்த பந்துக்கும் இதே வாடைதான்.

பெயிண்ட் கம்பெனி அணிக்கு நீ கோல்கீப்பர், உனக்கு முன்னால் தடுத்து ஆடும் பேக் நான். இருவருமே டெம்பரவரி. அணி மேல் டிவிஷனுக்குப் போனால் பர்மனெண்ட் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். பர்மனெண்ட் ஆனால்தான் பெண் என்று ஊரில் உன் மாமா பிடிவாதமாக இருந்தார்.

கடைசி மேட்சுக்கு வந்த ரெஃபரியின் மச்சினனுக்கு எதிர்க் கம்பெனியில் அந்த வாரம்தான் வேலை கிடைத்திருந்தது. தாராவி முழுக்கத் தெரியும். ஆனாலும் சலவைச் சட்டையும் சிரிப்புமாக வந்து நம் எல்லோருக்கும் கை கொடுத்தான்.

ஆட்டம் முடியும் தறுவாயில் அவர்களுடைய ஃபார்வர்டு சேற்றில் தானே வழுக்கி விழுந்தான். பக்கத்தில் ஈ காக்கா இல்லை. விசில். பெனால்டி!

நீ சண்டை போடவில்லை. கோலை விட்டு வெளியே வந்து, கம்பத்தில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டாய்.

"ஏலே, உள்ள போய் நில்லுலே!" என்று கத்தினேன்.

"விசிலடிச்சவனே வந்து நிக்கட்டும். இந்த அசிங்கத்துக்கு நான் வேற பாயணுமாக்கும்?"

காலி கோலில் பந்து உருண்டு போனது. தோற்றோம்.

அந்த ரெஃபரி நாய் அதோடு விட்டானா? மேட்சை விற்றது நீதான் என்று கால்பந்துச் சங்கத்தில் புகார் கொடுத்தான். விசாரணையில் நான் மச்சினன் கதையை எடுத்ததும் கையமர்த்தினார்கள். ஒதுங்கி நின்றானா இல்லையா, அதை மட்டும் சொல் என்றார்கள். நின்றாய், வேறென்ன சொல்ல? மச்சினனுக்கு வேலை வாங்கியவன் சாட்சி, கையைக் கட்டி நின்றவன் குற்றவாளி. த்தூ! உனக்கு ஆடத் தடை, வேலையும் போயிற்று. பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள்.

நீ கண்ணை மூடுவதற்கு முன்னால் கடைசியாக உன்னை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, "பாய்ஞ்சிருக்கணுமோலே?" என்று கேட்டாய். "எப்படியும் தோத்திருப்போம். ஆனா திருடங்கிற பேரு அவனோட போயிருக்கும்." என்று நீயே சொன்னாய்.

பிற்பாடு அந்த ரெஃபரிக்குச் சங்கத்தில் சால்வை போர்த்தினார்கள். செம்பூர் டீக்கடையில் ஞாயிற்றுக்கிழமை கூடும் பழைய ஆட்டக்காரர்கள் இன்னும் உன்னைத்தான் 'மேட்சை வித்தவன்' என்கிறார்கள். நானும் ஒவ்வொரு தடவையும் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். போன வாரம் ஒருத்தன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீரும் அந்த டீம்தானே, உமக்கு என்னவே கெடச்சுது?" என்றான்.

உன் கெட்ட பேரில் எனக்கும் பங்கு வந்தாயிற்று, மாப்ளே. வரட்டும். இந்த ஞாயிறும் போவேன், சொல்வேன்.