காணாமல் போன சிவப்புக் கை

அன்புள்ள குட்டைக்கு,

அப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? தையல் பிரித்தாகிவிட்டதா? நான் கேட்டதாகச் சொல். ஆபீஸ் மெயிலில் எழுதாமல் ஏன் தாளில் எழுதுகிறேன் என்று படித்ததும் புரிந்துகொள்வாய். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கோபத்தில் பேனா நேராக ஓட மாட்டேன் என்கிறது.

நீ வேலையை விட்டுப் போன மூன்றாம் வாரம் நம் மேனேஜர் ஒரு புது டூலைக் கொண்டுவந்தார். வந்ததும் நீ எழுதி வைத்திருந்த முப்பது வரி ஸ்கிரிப்ட் அவர் கண்ணை உறுத்தியது. திரையில் நிறமும் படமும் எப்படி வர வேண்டும் என்று சொல்லும் ஸ்டைல் ஃபைல்களை எல்லாம் ஒரே ஃபைலாகக் கட்டும்போது, ஒவ்வொன்றும் முதலில் எந்த ஃபோல்டரில் இருந்தது என்று பார்த்துப் படங்களின் பாதையைத் திருத்துமே, அந்த வரிகள்தான். “இதெல்லாம் புது டூல் தானா பாத்துக்கும், எதுக்கு இந்தக் குப்பை” என்று தன் கையாலேயே அழித்தார். தானாகப் பார்த்துக்கொள்ள வேண்டுமானால் அதில் ஒரு அமைப்பை மாற்ற வேண்டும், யாரும் மாற்றவில்லை என்று எழுதி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. என் எட்டு வருஷ அனுபவத்துக்கு அவ்வளவுதான் மரியாதை! அவர் கம்ப்யூட்டரில் ஃபைல்கள் கட்டாமல் தனித்தனியாக ஓடுகின்றன, அதனால் எல்லாப் படமும் பளிச்சென்று தெரிகிறது. “ஓடுதேம்மா, இன்னும் என்ன?” என்றார்.

நம் கம்பெனி செய்து கொடுத்த ஆஸ்பத்திரி வார்டுத் திரையில், மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கை வருமே, நாம் இரண்டு பேரும் நாலு நாள் சண்டை போட்டு வரைந்தது, புது டூல் கட்டியது போன செவ்வாய்க்கிழமை காலை அங்கே ஏறியது, அதிலிருந்து அந்தக் கை இல்லை. அதைப் போலப் பின்னணியாக வைத்த படம் கிடைக்காவிட்டால் பிரவுசர் வாயே திறக்காது, அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடும். வெறுமை என்றால் அந்த வார்டில் பயமில்லை என்று அர்த்தம்.

அன்று பத்தரை மணிக்கு ஆறாம் கட்டில் லாரி டிரைவருக்கு ஊசி போட, புதிதாகச் சேர்ந்த நர்ஸ் மருந்தை எடுத்துவிட்டாள். சோப்பு வாங்கப் போயிருந்த அவர் மனைவி அப்போதுதான் திரும்பியிருக்கிறார். குப்பியில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, “ஐயோ, போன தடவ இதப் போட்டுத்தானே மூச்சே நின்னுபோச்சு!” என்று நர்ஸின் கையை எட்டிப் பிடித்துவிட்டார். கடையில் இன்னும் இரண்டு பேர் வரிசையில் நின்றிருந்தால்?

மறுநாள் மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டு ஓர் அறிக்கையை நீட்டினார். “முன்பு பணிபுரிந்தவர் எழுதிய ஸ்கிரிப்டில் இருந்த குறை” என்று கூசாமல் டைப் செய்திருந்தார். கீழே என் கையெழுத்துக்கு இடம். “அவதான் போயிட்டாளே, அவளுக்கு இதுல என்ன போச்சு?” என்கிறார். எவ்வளவு நெஞ்சழுத்தம் பார்! நான் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் உன்னிடம் எதற்கு மறைக்க, முகத்துக்கு நேரே மறுக்கவும் இல்லை. பத்து நிமிஷம் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, யோசிக்கிறேன் என்று சொல்லித் தாளை மடித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் காலை நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். தலைமை நர்ஸ் உட்காரக்கூடச் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு அவசியமும் இல்லை. நின்றபடியே விளக்கினேன். ஃபைலில் “ஒரு படி மேலே போய்ப் படத்தை எடு” என்று இருக்கும், எங்கே நின்றுகொண்டு மேலே போவது என்பதுதான் கேள்வி, கட்டிய ஃபைல் வேறு ஃபோல்டருக்குப் போனதால் அதே வாக்கியம் வேறு எங்கோ கொண்டுபோய் விட்டது என்றேன். அவர் உடனே, “நோயாளிய வேற வார்டுக்கு மாத்திட்டு, ‘பக்கத்துக் கட்டில்’னு எழுதின பழைய சீட்டையே கூட அனுப்பின மாதிரி. அவ்வளவுதானே?” என்றார். நம் மேனேஜருக்கு மூன்று மாதமாக ஏறாதது அவருக்கு மூன்று நிமிஷத்தில் ஏறிவிட்டது! யார் அழித்தது, என்றைக்கு என்று கேட்டார். யார் எந்த வரியை மாற்றினாலும் பதிவாகும் பதிவேட்டில் மேனேஜரின் பெயரும் தேதியும் இருந்தன, காட்டினேன்.

பிறகு என்னைப் பார்த்து, “படம் போச்சு, சரி. எழுத்துல ஏன் ஒண்ணுமே இல்ல?” என்றார். நாம் நாலு நாளும் படத்துக்காகத்தானே சண்டை போட்டோம். இப்போது கைக்குப் பக்கத்தில் ‘ஒவ்வாமை’ என்ற சொல்லும் மருந்தின் பெயரும் வருகின்றன. உன் முப்பது வரியையும் திரும்பச் சேர்த்தாயிற்று. ஏதாவது ஒரு பாதையில் படம் இல்லாவிட்டால் கட்டும் வேலையே நின்றுபோகும்படி இன்னும் நாலு வரி நான் சேர்த்தேன்.

ஆஸ்பத்திரி அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டது. மேனேஜர் வெட்கப்பட்டார் என்றா நினைக்கிறாய்? என்னை லீவு விண்ணப்பப் பக்கத்தில் எழுத்தைப் பெரிதாக்கும் வேலைக்கு மாற்றியிருக்கிறார். போகட்டும், பெரிதாக்குகிறேன்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். அவர் உனக்கு எழுதுவார். உடம்பை விசாரித்து, அப்பாவை விசாரித்து, “ஒரு வரி எழுதிக் குடு, எல்லாம் முடிஞ்சிரும்” என்பார். நீ பஸ்ஸில் உன் காலை மிதித்தவனிடம் ‘சாரி’ சொல்கிறவள். எனக்குத் தெரியாதா? தூக்கம் கெட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, என் தப்பாகவும் இருக்கலாம் என்று எழுதிவிடாதேடி. உன் வரிகளில் ஒரு புள்ளிகூடத் தப்பில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான், அந்தப் பத்து நிமிஷத்துக்காக.

அப்பா சீக்கிரம் எழுந்து நடக்கட்டும். பதில் போடு. திட்டியாவது போடு.

உன்
நெட்டை