கடைசி ஆளாக உட்கார வைத்தேன்

ஜூன் 2, 2024, ஞாயிறு

இன்று சவர நாள். குடியை நிறுத்த இந்த இல்லத்துக்கு வந்தவர்கள் கையில் பிளேடு கொடுக்க மாட்டோம். கை நடுங்கும், மனசும் ஒரு நிலையில் இருக்காது. அதனால் ஞாயிறுதோறும் மொரப்பூரிலிருந்து மாது அண்ணன் வந்து பதினெட்டுப் பேருக்கும் மழித்துவிடுவார். பிளேடை இரண்டாக உடைத்து, ஒரு பாதியில் மூன்று பேரை ஓட்டிவிடுவார். ஆளுக்கொன்று போடச் சொல்லிப் பார்த்தேன். "கட்டுப்படியாவாது சிஸ்டர்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

போன மாதக் கடைசியில் சேர்ந்த நவநீதனுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. டாக்டருக்கும் நர்ஸான எனக்கும்தான் தெரியும். மாத்திரையை என் அறைக்கு வந்து போட்டுக்கொள்கிறார். சேர்ந்த அன்று கை கூப்பினார். "கம்பைநல்லூர்ல என் சம்சாரம் இட்லிக் கடை போட்டிருக்குதுங்க. வெளிய தெரிஞ்சா ஒரு இட்லி போவாது. எங்க பொழப்பே அதாங்க." என் உயிர் போனாலும் சொல்ல மாட்டேன் என்றேன். பெரிய வசனம்தான்.

இன்று மாது அண்ணனிடம் அவரைக் கடைசி ஆளாக வைக்கச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. அவரோடு அந்தப் பிளேடு குப்பைக்குப் போய்விடும், யாருக்கும் பயமில்லை. பரவாயில்லையே நிர்மலா, உனக்கும் மூளை வேலை செய்கிறது!

ஜூன் 9, ஞாயிறு

இன்றும் அவர்தான் கடைசி. முடித்ததும் மாது அண்ணன் சவரக் கத்தியை டெட்டாலில் முக்கினார். நான் சொல்லவே இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

அன்பு கேட்டுவிட்டார். குடியை நிறுத்த வந்திருக்கும் அவரும் கம்பைநல்லூர்க்காரர்தான், வாய் சும்மா இருக்காது. "ஏஞ் சிஸ்டர், நவநீதன் மொதல்ல வந்து உக்காந்தாலும் கடைசிக்குத் தள்றீங்களே?" எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவருக்குத் தோல் வியாதி. உங்க வேலையப் பாருங்க."

தோல் வியாதியாம்! அந்த மனுஷன் முகத்தில் ஒரு பரு கிடையாது. பதில் சொல்லாமல் உள்ளே போயிருக்கக் கூடாதா?

ஜூன் 18, செவ்வாய்

சாப்பாட்டின்போது நவநீதன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஒருவர் தன் டம்ளரில் பெயர் எழுதி வைத்திருக்கிறார்.

ஜூன் 20, வியாழன்

மாத்திரைக்கு வந்தவர் கதவருகிலேயே நின்றார். "நீங்க சொன்னீங்களா சிஸ்டர்?"

"சத்தியமா இல்லைங்க."

பொய்யில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. வார்டன் கலைமணிதான் ஃபைலைப் பார்த்திருப்பார் என்று சண்டைக்குப் போனேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "பீரோ சாவி உங்ககிட்டதானே இருக்குது? மூணு வாரமா ஒரு ஆளக் கடைசில ஒக்கார வச்சா, பாக்கறவங்க என்ன கொழந்தைங்களா?"

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். நான்தான். நானேதான் சொல்லியிருக்கேன். வாயால சொன்னாத்தான் சொன்னதா? அடிப் பாவி! எல்லார் ரத்தத்தையும் ஒரே மாதிரி நெனச்சுக் கையாளணும்னு டிரெயினிங்ல பக்கம் பக்கமா எழுதுனவ நீ. ஆளுக்கொரு புது பிளேடுன்னு அன்னிக்கே அடிச்சுப் பேசியிருந்தா, யாரு முன்ன யாரு பின்னன்னே பேச்சு வந்திருக்காது. மத்த பதினேழு பேர் ரத்தத்துல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?

ஜூன் 23, ஞாயிறு

பதினெட்டு புது பிளேடு நானே வாங்கி வந்தேன். வந்தவர் வந்த வரிசைப்படி உட்கார்ந்தார்கள். பதினேழுதான் செலவானது. நவநீதன் போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்தார்.

ஜூன் 24, திங்கள்

அவர் மனைவி காவியா போன் செய்தது. சனிக்கிழமை வீட்டோடு பேசவிடும் நேரத்தில் அன்பு தன் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். "பார்சல் வாங்கிட்டுப் போனவங்க திரும்பி வந்து எங்க வூட்டு வாசல்லயே கொட்டிட்டுப் போறாங்க சிஸ்டர். சட்டினியோட." சொல்லிவிட்டு அழுதது.

நவநீதனிடம் சொல்லிவிட்டேன். நான் பண்ணின தப்புங்க, உங்களக் கடைசில வச்சது நான்தான். திட்டுவார் என்று நின்றேன். "நல்லதுக்குன்னு பண்ணியிருப்பீங்க" என்று வீட்டுக்குக் கிளம்பப் பையை எடுத்தார். ஒரு மாத மாத்திரையைக் கையில் திணித்தேன். குடிக்காதீங்க என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கென்ன யோக்கியதை?

ஜூலை 7, ஞாயிறு

கடையைச் சாத்திவிட்டார்களாம். போய்ப் பார்க்கலாமா? இந்த இல்லத்து நர்ஸ் அந்த வாசலில் போய் நின்றால் அதுவே இன்னொரு தண்டோரா. அவர் போன் அணைந்தே கிடக்கிறது.

ஜூலை 26, வெள்ளி

கொடுத்தனுப்பிய மாத்திரை தீர்ந்திருக்கும். மனசு கேட்காமல், எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கும் மையத்துக்குத் தர்மபுரி போனேன். ஜாஸ்மின் என்று ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். கம்பைநல்லூர் நவநீதன் இந்த மாதம் வந்தாரா என்று கேட்டேன்.

"அந்தப் பேர்ல யாராச்சும் இங்க வர்றாங்களான்னே சொல்லக் கூடாதுங்க."

"நானும் நர்ஸ்தாங்க. அவருக்கு மாத்திரை குடுத்ததே நான்தான்."

"யாரா இருந்தாலும் அதானுங்க சிஸ்டர்."

கெஞ்சினேன். அழுதும் விட்டேன். தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள், பதில் கொடுக்கவில்லை. வந்தார், வரவில்லை, ஏதாவது தெரிகிறதா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஜூன் மாதம் எனக்கு இருந்திருக்க வேண்டிய முகம்.