செம்மஞ்சள் தொப்பி போட்டவனுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை, மேல்தட்டுத் திறந்த சுற்றுலா பஸ் ஒன்றில், முன்பின் அறியாத ஒரு பெண்மணியின் கைப்பைக்குள் நான் எலுமிச்சம் சாதத்தைக் கொட்டிவிட்டேன். வேண்டுமென்று கொட்டவில்லை. பஸ் திரும்பியது, மடியில் இருந்த பெட்டி திறந்தது, அவ்வளவுதான். பாதி என் காற்சட்டையில், பாதி அவருடைய பைக்குள். நான் பதறிப்போய் ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கத் தொடங்கினேன். ஒரு மனிதன் தன் பைக்குள் கைவிட்டு எதையோ தேடுகிறான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பையை இழுத்துக்கொண்டார். மகள் “பப்பா, ஆரெத்” என்றாள். நிறுத்து என்று அர்த்தம். பிறகு எழுந்துபோய் மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்து, என்னைத் தெரியாதவள் போல ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் பிறந்தநாளுக்கு அவள் எடுத்துத் தந்த டிக்கெட் அது. இருபது வருடமாகப் பாரிஸில் இருக்கிற அப்பா ஒருநாளாவது பாரிஸைப் பார்க்கட்டும் என்று. பஸ்ஸில் சாப்பாடு கொண்டுபோவது என் யோசனை. பழக்கம் விடவில்லை.

கடுகும் பெருங்காயமும் எலுமிச்சையும் சேர்ந்த அந்த வாசம் காற்றில் எழும்பியதும், மகள் விட்டுப்போன இடத்தில் நீ வந்து உட்கார்ந்தாய். அதற்குப் பிறகு அவள் காட்டிய எதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. ஒரு கிழமையாக எனக்கு ஒரு இடத்திலும் இருப்புக் கொள்ளவில்லை. கடைக்குப் போனால் என்ன வாங்க வந்தேன் என்று மறந்துவிடுகிறது. மனைவி, “கொப்பியை எடுத்து எழுதுங்கோ, இல்லாட்டி நித்திரை கொள்ளுங்கோ, ஏதாவது ஒண்டைச் செய்யுங்கோ” என்றாள். அதனால் எழுதுகிறேன். நான் ஓ.எல். வரை படித்தவன். பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள்.

நம் வீடுகளில் எலுமிச்சம் சாதம் செய்கிற வழக்கம் இல்லை. நானும் நீயும் அதைப் பாரிஸின் தமிழ்க்கடைத் தெருவான லா சப்பலில்தான் பழகினோம். இந்தியாவிலிருந்து கூட்டமாக பஸ்ஸில் ஐரோப்பா பார்க்க வருகிறவர்களுக்கு நம்முடைய முதலாளி அண்ணை மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுத்தார். நீ தாளிப்பாய், நான் பெட்டிகளில் அடைப்பேன். அந்தச் சாப்பாடு ஒவ்வொரு நாளும் ஈஃபிள் கோபுரத்தடிக்குப் போய்வந்தது. அதைச் சமைத்த நீ ஆறு வருடமாக அங்கே போகவில்லை.

நாம் ஒரே வருடம் வந்தவர்கள். அகதி விசாரணையில் நான் திக்கித் திக்கி, திகதிகளை மாற்றி மாற்றிச் சொன்ன கதையை நம்பி எனக்குப் பத்து வருட விசா தந்தார்கள். நீ நேராகச் சொன்ன கதையை இரண்டு தரம் மறுத்தார்கள். ஊரில் சண்டை முடிந்த அடுத்த வருடம், இனிப் பயமில்லைதானே, ஒரு மாதத்துக்குள் நாட்டை விட்டுப் போ என்று கடிதம் வந்தது. அதற்குப் பிறகு உன்னுடைய பாரிஸ், அறைக்கும் சமையல்கூடத்துக்கும் இடையிலான இரண்டு தெருவாகச் சுருங்கியது. மெத்ரோ வாசலைக் கண்டால் நீ தெருவின் மறுபக்கம் மாறி நடப்பாய். அங்கேதான் பொலிஸ் நின்று பத்திரம் கேட்கும்.

அந்த ஆனி மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. முதல்நாள் பஸ்ஸில் சாம்பார் வாளி கவிழ்ந்ததால், அடுத்த நாள் கூடவே வந்து பரிமாற இரண்டு ஆட்கள் வேண்டும் என்று அவர்களைக் கூட்டிவந்த சென்னைப் பையன் கேட்டான். அண்ணை என்னைக் காட்டினார். நீ கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “ரெண்டாவது ஆள் நான்” என்றாய்.

“உனக்கென்ன விசரே?” என்றேன்.

“எட மச்சான், பொலிசின்ரை கண்ணிலை ரெண்டு விதமான ஆக்கள் படமாட்டினம். ஒண்டு, கோட் சூட் போட்டவன். மற்றது, தொப்பி போட்டுக் கமரா தூக்கினவன். கோட் சூட் எனக்கு அளவில்லை. தொப்பி அளவு.”

“பிடிச்சால்?”

“பிடிச்சு அனுப்பினால் அனுப்பட்டும். ஊரிலை போய் இறங்க, பாரிஸ் எப்பிடி எண்டு கேப்பினம். வெங்காயம் எண்டு சொல்லவே?”

சுற்றுலா பஸ்ஸை மறித்து விசா கேட்ட பொலிசை நானும் கண்டதில்லை. அண்ணை மட்டும், “ஏதும் நடந்தால் உங்கள் ரெண்டு பேரையும் எனக்குத் தெரியாது, இப்பவே சொல்லிப்போட்டன்” என்றார். புறப்படும்போது நீ உன் தொலைபேசியை அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தாய். ஏன் என்று கேட்டேன். “என்னைப் பிடிச்சால் அதையும் பறிப்பாங்கள். உன்ரை நம்பரும் அதுக்குள்ளைதானே கிடக்குது.” நான் பெட்டிகளைத் தூக்கினேன். மனைவியையும் ஐந்து வயது மகளையும் கூப்பிட நான் விண்ணப்பம் போட்டு அப்போது இரண்டு மாதம். அதை நீ என்னைவிட ஞாபகமாக வைத்திருந்தாய்.

பஸ்ஸில் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் செம்மஞ்சள் தொப்பி. கூட்டத்தில் ஆள் தொலைந்தால் கண்டுபிடிக்கவாம். நமக்கும் இரண்டு தந்தார்கள். பின் இருக்கையில் சாம்பார் வாளியைக் கால்களுக்கு நடுவில் இறுக்கியபடி நான் இருக்க, நீ கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தாய். முன் இருக்கையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். திரும்பிப் பார்த்து உன்னிடம் கேட்டார்.

“தம்பி, நீங்க இந்த ஊர்க்காரங்கதானே? அது என்ன பில்டிங்?”

“அது... அரசாங்கக் கட்டடம் அம்மா.”

“அந்தத் தங்கக் கலர் சிலை வச்சது?”

“அதுவும் அரசாங்கம்தான்.”

அடுத்த நிமிடம் சென்னைப் பையன் ஒலிவாங்கியில், அது நாடக அரங்கம் என்று சொல்லிவிட்டான். அம்மா சிரித்தார். “எத்தனை வருஷமா இருக்கீங்க?”

“ஆறு வருசம்.”

“ஆறு வருஷமா? டவர்கூடப் பாக்கலையா?”

“லீவு கிடைக்கேல்லை அம்மா” என்று சொல்லி, நீ என் காலை மிதித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு சந்தியிலும் பஸ் நிற்கும்போது கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய வீதியில் ஒரு உணவகத்தைத் தாண்டியபோது, அங்கேதான் இரண்டு வருடம் கோப்பை கழுவினேன் என்று சொன்னேன். “முன்பக்கம் இவ்வளவு வடிவே?” என்றாய். எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

கோபுரத்துக்கு எதிரே, மேட்டுத் தோட்டத்தில் பரிமாறினோம். உன்னை அப்படி நான் முன்பு கண்டதில்லை. “இன்னும் கொஞ்சம் போடட்டே அம்மா?” என்று எல்லோரையும் உபசரித்தாய், உன் வீட்டுக் கலியாணம் போல. சாப்பிட்டு முடிந்ததும் தலைமையாசிரியை அம்மா உன்னை ஒரு மதில் கட்டின் மேல் ஏற்றினார். கோபுரத்தின் நுனியை விரலால் பிடிப்பது போல ஒரு படம் எடுக்க வேண்டுமாம்.

“கைய இன்னும் கொஞ்சம் தூக்குங்க தம்பி. இல்ல, இடது பக்கம். இப்பப் பாருங்க, டவர் உங்க கையில.”

நீ கையைத் தூக்கிய நேரம்தான் விசில் கேட்டது. நிலத்தில் துணி விரித்துச் சின்னக் கோபுரங்கள் விற்றுக்கொண்டிருந்த கறுத்த பையன்கள் துணியின் நாலு மூலையையும் ஒரே இழுவையில் சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். பின்னால் பொலிஸ். அவர்கள் தேடியது சில்லறை வியாபாரிகளை. தொப்பி போட்டு, படத்துக்கு நிற்கிற உல்லாசப் பயணியை யார் தேடப்போகிறார்கள்? ஆனால் நீ மதிலிலிருந்து குதித்து அவர்களோடு சேர்ந்து ஓடினாய்.

அதைவிடக் கேவலம், நானும் ஓடினேன். கையில் சாம்பார் அகப்பையோடு, எதிர்ப்பக்கம், படிகளில் ஏறி. மேலே போய் மூச்சு வாங்கும்போதுதான் சட்டைப் பைக்குள் பத்து வருட விசா இருப்பது நினைவுக்கு வந்தது.

திரும்பி வந்தபோது கூட்டம் பஸ்ஸில் ஏறிவிட்டது. நீ இல்லை. சென்னைப் பையன் கைக்கடிகாரத்தைத் தட்டினான். “சார், பஸ் இங்க நிக்கக் கூடாது. டிரைவர் கத்துறாரு. உங்க ஆளு எங்க?”

தலைமையாசிரியை அம்மா எழுந்து நின்றார். “அந்தத் தம்பி வராம எப்பிடிக் கெளம்பறது? சாப்பாடு போட்ட பிள்ளைங்க அது.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “அவர் மெத்ரோவிலை வந்திடுவார். நல்லாப் பாதை தெரியும்” என்றேன். அம்மா அரை மனதாக உட்கார்ந்தார். பஸ் புறப்பட்டது.

மேட்டை விட்டு இறங்கி, ஆற்றுப் பாலத்துக்குத் திரும்பும் இடத்தில் பஸ் மெதுவாகியது. அங்கே, ஒரு மரத்தடியில், நீ நின்றாய். தொப்பி இன்னும் தலையில். தொலைந்தவனைக் கண்டுபிடிக்கவென்று தந்த தொப்பி அதன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. உனக்குப் பத்தடி தள்ளி இரண்டு பொலிஸ்காரர் கதைத்துக்கொண்டு நின்றார்கள். உன்னைப் பார்க்கக்கூட இல்லை. நீ என் ஜன்னலைப் பார்த்தாய், உன் கை பாதி எழுந்தது.

பஸ்ஸை நிறுத்தச் சொன்னால் இந்தச் சென்னைப் பையன் கதவைத் திறந்து சத்தம் போடுவான், அவர்கள் திரும்புவார்கள், உனக்குத்தான் ஆபத்து என்று நினைத்தேன். அந்த நினைப்பு உண்மை. அது இரண்டாவதாக வந்தது என்பதும் உண்மை. முதலில் வந்தது, உன்னோடு சேர்த்து என் பெயரையும் எழுதுவார்கள், என் விண்ணப்பம் போய்விடும் என்பது. நான் குனிந்து சாம்பார் வாளியின் மூடியை இறுக்கினேன். ஏற்கெனவே இறுகியிருந்த மூடி. நிமிர்ந்தபோது பஸ் பாலத்தின் நடுவில் இருந்தது.

அந்தப் பின்னேரம் லா சப்பல் தெருவை எத்தனை தரம் மேலும் கீழும் நடந்தேன் என்று தெரியாது. மரக்கறிக் கடைக்காரர், “என்ன தம்பி, ஏதும் துலைச்சிட்டீரோ?” என்று கேட்டார். ஓம் என்றேன். என்ன என்று கேட்டதற்கு, “அகப்பை” என்றேன். சமையல்கூடத்துக்குப் போய் அரிசி வாளிக்குள் கைவிட்டு உன் தொலைபேசியைத் தொட்டுப் பார்ப்பேன். திரும்பத் தெருவுக்கு வருவேன். ஒவ்வொரு பொலிஸ் வண்டிச் சத்தத்துக்கும் தெருமுனைவரை ஓடிப்போய்ப் பார்த்தேன். உன் அம்மாவுக்கு யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்றுகூட மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

ஏழு மணியிருக்கும், வெயில் இன்னும் சாயவில்லை. தெருமுனையில் நொண்டி நொண்டி வந்தாய். குதிக்கால் இரண்டிலும் கொப்புளம். சிரித்துக்கொண்டு வந்தாய்.

“என்னெண்டடா வந்தனி?” என்றேன்.

“ஆத்தைப் பிடிச்சு நடந்தன். பிறகு எங்கடை பக்கத்து மலையிலை இருக்கிற வேதக்கோயில் வெள்ளையாத் தெரிஞ்சுது. அதைப் பாத்து நடந்தன். மூண்டு தரம் வழி பிழைச்சுது. பிழைச்ச இடமெல்லாம் வடிவு மச்சான். நீ பஸ்ஸுக்குள்ளை இருந்து என்னத்தைப் பாத்தனி?”

முதலாளி அண்ணை தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். ஒரு மிடறு குடித்துவிட்டு நீ கேட்டாய், “பாலத்தடியிலை நிண்டனான். பஸ் கிட்டத்தான் போனது. நீ காணேல்லையோ?”

“இல்லையடா. நான் மற்றப் பக்கம் இருந்தனான்.”

“அதுதானே பாத்தன்” என்றாய்.

மூன்றாவது தரம் உனக்கு விசா கிடைத்தது. என் மனைவியும் மகளும் வந்தார்கள், பிறகு உன் மனைவி வந்தாள். நீ திரான்சியில் வீடெடுத்தாய், நான் லெ பிளாங்-மெனிலில். பிறந்தநாள், சாமத்திய வீடு, எங்கே கூடினாலும் யாராவது உன்னிடம் தொப்பிக் கதையைக் கேட்பார்கள். நீயும் சொல்வாய். நான் அகப்பையோடு ஓடியதைச் சொல்லும்போது எழுந்து ஓடியே காட்டுவாய். சபை விழுந்து விழுந்து சிரிக்கும். கதையை முடிக்கிற இடம் மட்டும் ஒருநாளும் மாறவில்லை. “இவன் பாவம், என்னைக் காணேல்லை. கண்டிருந்தால் ஓடுற பஸ்ஸிலையிருந்து குதிச்சிருப்பான்.” அந்த இடம் வரும்போது எனக்குத் தண்ணீர் விடாய்க்கும். எழுந்து குசினிக்குப் போய்விடுவேன்.

போன மாரியில் ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க மகளோடு வந்தேன். உன் கைகள் மெலிந்து, மணிக்கட்டில் கட்டிய பட்டி முழங்கைவரை வழுக்கியது. ஆனால் கதை மெலியவில்லை. அவளுக்கு முழுவதையும் சொன்னாய். ஓடிக் காட்ட முடியாததால் போர்வைக்குள் காலை ஆட்டிக் காட்டினாய்.

“கொப்பர் என்னைக் காணேல்லை பிள்ளை. கண்டிருந்தால் குதிச்சிருப்பார்.”

“உண்மையா பப்பா?” என்று அவள் என்னைக் கேட்டாள்.

“உன்ரை மாமா கதை விடுறதிலை கெட்டிக்காரன்” என்றேன்.

நீ சிரிக்கப்போய் இருமினாய். அவள் தண்ணீர் எடுக்க வெளியே போனாள். அறையில் நாமிருவர் மட்டும். நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உனக்கென்று உரித்த தோடம்பழத்தின் தோலைக் கூட்டி அள்ளினேன். குப்பைக்கூடை எங்கே என்று கேட்டேன். நீ விரலால் காட்டினாய். அவள் தண்ணீரோடு வந்துவிட்டாள். உன்னை நான் உயிரோடு பார்த்த கடைசித் தரம் அது.

கண்டனான், மச்சான். நான் கண்டதை நீ கண்டதையும் கண்டனான்.